கணக்கில் திணறும் பிள்ளைகளுக்கு எந்த ஆப்? ஒரு டியூஷன்காரியின் விமர்சனம்

நேராகவே சொல்லிவிடுகிறேன். கணக்கில் திணறும் சின்னப் பிள்ளைகளுக்கு, அதுவும் ஏதோ ஒரு குறைபாட்டோடு இருக்கும் பிள்ளைகளுக்கு, நான் பார்த்தவரை நன்றாக வேலை செய்வது வாயே திறக்காத ஆப்தான். பாட்டுப் பாடி, கைதட்டி, "சூப்பர்" என்று கத்திப் பட்டாசு வெடிக்கும் ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையில் ஒரு கிராமத்தில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை, எல்லாம் தமிழ் மீடியம், பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிப் பிள்ளைகள். நடவு நேரத்தில் கூட்டம் அதிகமாகும், அம்மாக்கள் வயலிலிருந்து திரும்ப இருட்டிவிடும். இதில் நாலு பேருக்குத்தான் இந்த ஆப் ஆராய்ச்சியெல்லாம். ஒரு பையன், மூன்றாம் வகுப்பு, தமிழ் சரளமாகப் படிப்பான், கதை சொன்னால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் 8 பெரியதா 5 பெரியதா என்று கேட்டால் விரலைப் பார்ப்பான். தஞ்சாவூரில் காட்டியபோது டிஸ்கால்குலியா, அதாவது எண்களைப் புரிந்துகொள்வதில் வரும் கற்றல் குறைபாடு, என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பெண் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம். புத்தி படு கூர்மை, கைதான் சொன்னபடி கேட்காது. இன்னொருத்தி காது மெஷின் போட்டவள். நாலாவது ஆள் ஓரிடத்தில் உட்காரவே மாட்டான். (கும்பகோணம் பக்கத்து உறவுக்காரர் ஒருவர், ராமானுஜன் வளர்ந்த மண்ணில் கணக்கு வராத பிள்ளையா என்று அந்த மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மாவிடமே கேட்டுவிட்டுப் போனார். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று என்பதை அவருக்கு யார் போய்ச் சொல்வது.)

சரி, ஆப்புகளுக்கு வருவோம்.

முதல் இடம் மேத் லேர்னிங் சென்டர் ஆப்புகளுக்கு. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும், லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு செய்தது. நம்பர் ரேக், நம்பர் ஃப்ரேம்ஸ், நம்பர் லைன், ஃப்ராக்ஷன்ஸ், கடிகாரம் என்று தனித்தனியாக இருக்கும். இலவசம், விளம்பரம் கிடையாது, லாகின் கேட்காது, பிரவுசரில் திறந்தால் போதும். திறந்ததும் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், ஏனென்றால் ஒன்றுமே நடக்காது. ஒரு கம்பி, அதில் மணிகள், அவ்வளவுதான். கேள்வி கேட்காது, மார்க் போடாது. நாம் என்ன கேட்கிறோமோ அதுதான் கேள்வி. அதனால்தான் எனக்குப் பிடித்தது. ஆப் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் தமிழில், அந்தப் பிள்ளைக்குப் புரியும் வேகத்தில் பேசலாம்.

நம்பர் ரேக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒரு கம்பியில் பத்து மணி: ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை. விரலால் தள்ளினால் நகரும். மூன்றாம் வகுப்புப் பையன் ஆரம்பத்தில் 8 காட்டச் சொன்னால் ஒவ்வொரு மணியாக ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் தள்ளுவான், நடுவில் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து. புளியங்கொட்டையிலும் அவனுக்கு இதே கதைதான். ஒரு நாள் ஐந்தை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அப்புறம் மூன்றைத் தள்ளினான். ஏன்டா எண்ணவில்லை என்றேன். "எண்ண வேண்டாம்க்கா, செவப்பு பூரா போயிடுச்சுல்ல, அப்ப அது அஞ்சு" என்றான். சாதாரணப் பிள்ளைக்கு இது ஒன்றுமே இல்லை, தானாக வந்துவிடும். இவனுக்கு இதுவரை வராதது. அதில் ஒரு திரை உண்டு, இழுத்து மணிகளை மூடலாம். பத்தில் மூன்று தெரிகிறது, மூடியிருப்பது எத்தனை என்று கேட்டால், கழித்தல் என்ற பேச்சே எடுக்காமல் கழித்தல் நடந்துவிடும்.

நம்பர் லைனும் அதே மாதிரி ஊமைதான். ஒரு கோடு, அதில் எண்கள், எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் தாவல் போடலாம், எண்களை மறைத்துவைத்துக் கேட்கலாம். நான் அதைத் தஞ்சாவூர் பஸ் ரூட் மாதிரி என்று சொல்லித்தான் தொடங்குவேன். நீடாமங்கலத்தில் ஏறினால் கோவில்வெண்ணி, அம்மாபேட்டை, சாலியமங்கலம், தஞ்சாவூர். போனால் கூட்டல், திரும்பி வந்தால் கழித்தல், எக்ஸ்பிரஸ் பஸ் என்றால் பத்துப் பத்தாகத் தாவும். 47உடன் 25 கூட்ட, 47இலிருந்து பத்து, பத்து, மூன்று, இரண்டு என்று தாவி 72இல் இறங்குகிறார்கள். நோட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி "மிச்சம் ஒன்று மேலே" என்று செய்யும்போது தப்பு விடும் பிள்ளைகள் இங்கே தப்பு விடுவதில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு 2021இல் தொடக்கப் பள்ளியில் கணக்கில் திணறும் பிள்ளைகளுக்கென்றே ஒரு வழிகாட்டி போட்டது. அதில் இருக்கும் ஆறு பரிந்துரைகளில் எண்கோட்டைப் பயன்படுத்துங்கள் என்பது தனியாகவே ஒன்று. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. சின்ன போனில் திறந்தால் கீழே இருக்கும் பட்டன் வரிசையே பாதி இடத்தை அடைத்துக்கொள்கிறது, டேப் இருந்தால்தான் நிம்மதி. பட்டன் பெயரெல்லாம் ஆங்கிலம், பிள்ளைக்கு அது தேவைப்படாது, ஆனால் பெற்றோருக்கு ஒரு தடவை காட்டிக் கொடுக்க வேண்டும். மணி பீசஸ் என்று பணத்துக்கு ஒன்று இருக்கிறது, அதைத் தொடவே வேண்டாம், முழுக்க அமெரிக்கக் காசு. 25 சென்ட் நாணயத்தை வைத்துக்கொண்டு நம் பிள்ளை என்ன செய்வான்.

இரண்டாவது, தி நம்பர் ரேஸ். இது பழைய சரக்கு. பாரிஸில் ஆனா வில்சன், ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் என்ற மூளை ஆய்வாளர்கள் குழு டிஸ்கால்குலியா பிள்ளைகளுக்கென்றே செய்து 2006இல் வெளியிட்டது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். இரண்டு குவியல் காட்டும், எது பெரியது என்று சட்டென்று எடுக்க வேண்டும், எடுத்த அளவுக்கு நம் காய் பந்தயத்தில் நகரும். முதலில் வெறும் புள்ளிக் குவியல், அப்புறம் எண்கள், அப்புறம் சின்னக் கூட்டல் கழித்தல். பிள்ளை தப்புவிட்டால் தானாகவே எளிதாக்கிக்கொள்ளும், சரியாகச் செய்தால் இரண்டு குவியலுக்கும் இடையிலான வித்தியாசத்தைக் குறைத்துக் கொஞ்சம் கஷ்டமாக்கும். 8ஆ 5ஆ என்று முழிக்கும் என் பையனுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பக்கத்து வீட்டு அக்கா மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் பரணில் கிடந்தது, அதில் போட்டுக் கொடுத்தேன், ஓடுகிறது. படங்களைப் பார்த்தால் இருபது வருடத்துக்கு முந்தைய கேம் என்று பிள்ளையே கண்டுபிடித்துவிடுகிறான், இருந்தாலும் பந்தயம் பந்தயம்தானே, விளையாடுகிறான். குரல் ஆங்கிலத்தில் வந்தது, சத்தத்தை அணைத்துவிட்டேன், ஒரு நஷ்டமும் இல்லை.

ஆனால் இதை மந்திரம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். செய்தவர்களே முதல் சோதனையில் ஒன்பது பிள்ளைகளை வைத்துத்தான் பார்த்தார்கள், தினம் அரை மணி, வாரத்துக்கு நாலு நாள், ஐந்து வாரம். கழித்தலில் சரியான விடை சராசரியாக 23 சதவீதம் கூடியது, கூட்டலில் முன்னேற்றம் இல்லை, பத்து-ஒன்று என்ற இடமதிப்பிலும் இல்லை. இதை அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். என் அனுபவமும் ஏறக்குறைய அதேதான்: எது பெரியது என்பதில் வேகம் வந்தது, 34இல் உள்ள 3 என்றால் முப்பது என்பது வரவில்லை. அதற்கு ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டும் பழைய வேலைதான். அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் டீச்சர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

டோடோ மேத். காசு வாங்கும் ஆப்புகளில் நான் மரியாதை வைத்திருப்பது இது ஒன்றுக்குத்தான். இதை உருவாக்கிய எனுமா என்ற நிறுவனத்தைத் தொடங்கியது ஒரு கொரியத் தம்பதி, கேம் வடிவமைப்பவர்கள். சிறப்புத் தேவை உள்ள தங்கள் பிள்ளைக்காக யோசித்ததில் தொடங்கியது. அது தெரிகிறது. இடது கைப் பிள்ளைக்குத் தனி அமைப்பு, எழுத்து குழம்பும் பிள்ளைக்குத் தனி எழுத்துரு, தொட வேண்டிய இடமெல்லாம் பெரிது பெரிதாக, விரல் கொஞ்சம் விலகினாலும் பொருள் நகர்ந்துவிடுகிறது. கை நடுங்கும் என் பெண் பிள்ளை மற்ற ஆப்புகளில் விடை தெரிந்தும் தப்பு வாங்கிக்கொண்டிருந்தவள், இதில் அப்படியில்லை. ஆனால் குரல் ஆங்கிலம். தேர்ட்டீனா தேர்ட்டியா என்று எனக்கே ஒரு நொடி காது தடுமாறும் வேகத்தில் சொல்கிறது, தமிழ் மீடியம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும். இதே நிறுவனம் டான்சானியாப் பிள்ளைகளுக்கு ஸ்வாஹிலியில் கிட்கிட் ஸ்கூல் என்று ஒன்று செய்து, 2019இல் குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் போட்டியில் முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டது. ஸ்வாஹிலியில் முடிந்தது தமிழில் முடியாதா என்ன. யாராவது பணம் போட வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும், இதற்கு எந்த ஆப்பும் வேண்டாம். கை சரியாக வராத பிள்ளைக்கு முதலில் போனின் அமைப்பை மாற்றுங்கள். சாம்சங் போன் என்றால் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டிக்குள் போய், எவ்வளவு நேரம் தொட்டால் தொட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நாமே வைக்கலாம். விரல் நடுங்கி இரண்டு மூன்று தடவை பட்டால் ஒரே தொடலாக எடுத்துக்கொள்ளவும் சொல்லலாம். ஐபேடிலும் இதே வசதி உண்டு. அதை மாற்றிய பிறகு, முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய ஆப்புகள் பாதி அவளுக்குச் சரியாகிவிட்டன. காது மெஷின் பிள்ளைக்கு மோனோ ஆடியோ, இரண்டு பக்கச் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து வரும். உட்காராத பையனுக்கு அனிமேஷனை நிறுத்தும் பட்டன், கூடவே ஒரே ஆப்பில் திரையைப் பூட்டிவைக்கும் ஆப் பின்னிங், இல்லாவிட்டால் கணக்கு ஆப்பில் தொடங்கி யூடியூபில் போய் நிற்பான். இந்த அமைப்புகளைப் பற்றி ஒரு கடைக்காரரும் சொல்வதில்லை, ஒரு விளம்பரமும் சொல்வதில்லை.

மற்றவை சுருக்கமாக. கான் அகாடமி கிட்ஸ் இலவசம், விளம்பரம் இல்லை, அழகாக இருக்கும், ஆங்கில மீடியம் பிள்ளை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்பதை அதில் வரும் கரடிப் பொம்மை பேசித்தான் சொல்கிறது. என் காது மெஷின் பிள்ளைக்கு அது பாதி எட்டவில்லை, எட்டியதும் ஆங்கிலம். ஜிகாம்ப்ரியில் ஒரு மூட்டை நிறைய விளையாட்டுகள். ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே ஓடும், எங்கள் ஊர் சாயங்கால சிக்னலுக்கு இது பெரிய விஷயம், ஆனால் எதை எடுப்பது என்று நாம் முன்கூட்டியே பொறுக்கி வைக்காவிட்டால் பிள்ளை மேய்ந்துகொண்டே இருக்கும். கொலராடோ பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட், திரையில் தொட்டு மாற்றிப் பார்க்கும் செயல்விளக்கங்கள், பெரிய வகுப்பு அறிவியலுக்குத்தான் பெயர் போனது, ஆனால் பின்னத்துக்கும் எண்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கானவை உண்டு, சிலவற்றில் தமிழும் இருக்கிறது, கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு ஃபெட் பின்னம் நன்றாக எடுபடுகிறது. தமிழ்நாடு அரசின் மணற்கேணி 2023இல் வந்தது, நல்ல தமிழ், பாடப் புத்தகத்தோடு ஒட்டி வரும் வீடியோக்கள். ஆனால் வீடியோ வீடியோதானே. நம் பிள்ளை தொட்டு நகர்த்த அதில் ஒன்றும் இல்லை, இரண்டாவது நிமிடத்தில் உட்காராத பையன் எழுந்துவிட்டான். வகுப்புக்கு வராத டீச்சருக்குப் பதில் வைக்கலாம், இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது வேறு.

அப்புறம் அந்த வீட்டுக்கே வந்து விற்கும் கூட்டம். பெயர் வேண்டாம். டை கட்டிய தம்பி ஒருவர் வந்து, பிள்ளையை உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டு, "உங்க பையன் ரெண்டு வருஷம் பின்தங்கியிருக்கான் மேடம்" என்று அம்மா முகம் வாடும்வரை பேசி, மாதத் தவணையில் ஒரு டேப்பையும் சந்தாவையும் தலையில் கட்டிவிட்டுப் போனார். என் டியூஷன் பிள்ளை ஒன்றின் வீட்டில் நடந்தது. குறைபாடுள்ள பிள்ளைக்குத் தனிப் பாடம் உண்டு என்றார்கள், திறந்து பார்த்தேன், அதே மூன்றாம் வகுப்பு வீடியோ, வேகம் குறைக்கக்கூட வழியில்லை. நிறுத்தச் சொல்லிப் போன் போட்டால் வேறு வேறு ஆள் எடுக்கிறார், வங்கியிலிருந்து தவணை மட்டும் தவறாமல் போகிறது. அந்த டேப் மட்டும் இப்போது நம்பர் ரேக்குக்குப் பயன்படுகிறது.

கடிகாரம் ஓடும் ஆப்புகளைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். நான் சொன்ன அந்த 2021 வழிகாட்டியில் நேரம் வைத்துப் பயிற்சி செய்வதும் ஒரு பரிந்துரைதான், அதனால் கடிகாரமே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஏற்கெனவே புரிந்துவிட்ட கணக்கைச் சரளமாக்கத்தான். புரியாத கணக்குக்கு மேலே கடிகாரத்தை ஓடவிட்டால், என் பையன் எந்த விடை முதலில் கண்ணில் படுகிறதோ அதை அமுக்குகிறான். இன்னொரு கூத்து, சில ஆப்புகளில் தப்பான விடைக்கு வரும் அழுமூஞ்சிப் பொம்மை சரியான விடைக்கு வருவதைவிட வேடிக்கையாக இருக்கிறது, உட்காராத ஆள் அதைப் பார்ப்பதற்காகவே தப்பாக அமுக்கிக்கொண்டிருந்தான். அந்த ஆப்பைச் செய்தவர்கள் ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

எந்த ஆப்பும் தொடாத இடம் ஒன்று உண்டு: வாக்கியக் கணக்கு. 32இலிருந்து 18ஐச் சரியாகக் கழிக்கும் என் பிள்ளை ஒருத்தி, "நெல் கொள்முதல் நிலையத்தில் 32 மூட்டை இறக்கினார்கள், 18 எடை போட்டாயிற்று, இன்னும் எத்தனை?" என்றால் கூட்டிவிடுகிறாள். இவளுக்கு அப்பா அங்கே சுமை தூக்குகிறார், ஒரு மூட்டை 40 கிலோ என்பதும் அவளுக்குத் தெரியும், அதனால் கேள்வி புரியாமல் இல்லை. படிக்கிற வேகத்தில் முதல் எண் மறந்துவிடுகிறது. இதற்கு நான் செய்வது, கேள்வியைப் போனில் தமிழில் டைப் செய்து, ஆண்ட்ராய்டில் இருக்கும் செலக்ட் டு ஸ்பீக்கை வைத்துப் படிக்கவிடுவது. எத்தனை தடவை வேண்டுமானாலும் அலுக்காமல் படிக்கும், நான் என்றால் நாலாவது தடவையில் குரல் மாறிவிடும். கேட்டதை நம்பர் லைனில் அவளே போட வேண்டும். (வாய் திறக்காத ஆப்தான் நல்லது என்று சொல்லிவிட்டு இப்படிப் பேச வைக்கிறாயே என்பீர்கள். பேசட்டும், தமிழில், நான் எழுதிக் கொடுத்ததை.) பேச்சே வராத பிள்ளை என்றால் சென்னையில் உருவான அவாஸ் இருக்கிறது, தமிழிலும் உண்டு, விடையைப் படத்தைத் தொட்டுச் சொல்லலாம், அது தொடர்புக்கான ஆப், கணக்குச் சொல்லித் தராது.

ஆப்பைப் போடுவதற்கு முன்னால் வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், காசு கிடையாது. பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் எந்த நாள் வருவார் என்று சொல்வார். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மட்டங்களில் பிள்ளை அரும்பில் இருக்கிறதா மொட்டில் இருக்கிறதா என்பது டீச்சருக்குத் தெரியும், அதைக் கேட்டுக்கொண்டு அந்த மட்டத்தில் தொடங்குங்கள். மூன்றாம் வகுப்பில் படிக்கிறான் என்பதற்காக மூன்றாம் வகுப்பு ஆப்பைத் திறந்து கொடுத்தால் அழுகைதான் மிஞ்சும்.

காசு விஷயத்தில் மட்டும் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயத்தைத் தொட்டு நகர்த்தி, பத்து ரூபாய்க்கு மீதி எவ்வளவு என்று பார்க்கும்படி, விளம்பரம் இல்லாமல், ஊமையாக ஒரு ஆப் கிடைத்தால் போதும். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் டாலர், மீதியில் இரண்டு தொடலுக்கு ஒரு தடவை ரம்மி விளம்பரம். அதுவரை தெருமுனைப் பெட்டிக்கடையில் நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றி டப்பாவில் வைத்திருக்கிறேன். மூளை முடக்குவாதப் பெண்ணுக்கு மெல்லிய ஒரு ரூபாயைத் தரையிலிருந்து எடுக்க வராது, அதனால் அவளுக்கு மட்டும் நாணயங்களைத் தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.